மருத்துவக் காளானில் சத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள்: சிறு விவசாயி அறிய வேண்டியவை

சிப்பிக் காளானைப் பறித்துப் பையில் அடைக்கும்போது, கொத்தின் அடியிலுள்ள கெட்டியான தண்டை நறுக்கி எறிந்து விடுவது நம் காளான் வளர்ப்போரின் வழக்கம். கடைக்காரர் அதைக் கேட்பதில்லை. சமைப்போரும் வேகவில்லை என்று ஒதுக்கி விடுகின்றனர். ஆனால் காளானிலிருந்து மருத்துவப் பயனுள்ள கூட்டுச் சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் நிலைமை தலைகீழாக உள்ளது. சிப்பிக் காளானின் குடையையும் தண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், பீட்டா குளுக்கான் என்னும் அந்தப் பொருள் குடையை விடத் தண்டில்தான் கூடுதலாக இருப்பது தெரிய வந்துள்ளது. நாம் குப்பையில் கொட்டுவது அங்கே முதல்தரச் சரக்கு.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சில பத்துப் பைகள் வளர்ப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைக்கோல் கொடுக்கும் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து நெல் விவசாயிகளும் தாங்களே காளான் வளர்க்க முன்வருகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "மழைநாளில் பச்சைக் காளான் விற்காமல் தேங்குகிறது. அதைக் காய்ச்சிச் சத்தெடுத்து மருந்துக் கம்பெனிக்கு விற்கலாமா? அதற்கு இயந்திரம் இருக்கிறதாமே, வாங்கலாமா?"

காளானிலிருந்து சத்து வெளிவருவது உண்மை. அதிலிருந்து பணம் வருவது வேறு கணக்கு. இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொருள் என்ன?

அரிசி மாவும் ஒரு கூட்டுச் சர்க்கரைதான். குளுக்கோஸ் என்னும் சிறு சர்க்கரைத் துணுக்குகள் மணிமாலை போல் கோக்கப்பட்டு மாவுச்சத்து ஆகிறது. காளானிலுள்ள பீட்டா குளுக்கானும் அதே குளுக்கோஸ் மணிகளால் ஆனதே. ஆனால் மணிகளைக் கோத்திருக்கும் முடிச்சு வேறு. மாவுச்சத்தின் முடிச்சை நம் குடல் அவிழ்த்து விடும், சோறு செரிக்கிறது. காளான் முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே அது நார்ச்சத்தாகக் குடலைக் கடந்து செல்கிறது. செல்லும் வழியில், நோய் எதிர்ப்புப் பணியைச் செய்யும் அணுக்கள் இந்தப் பொருளை அடையாளம் கண்டு விழிப்படைகின்றன. மருத்துவக் காளான் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்ததுதான்.

1969ஆம் ஆண்டு ஜப்பானில் கோரோ சிஹாரா என்ற அறிஞரும் அவர் குழுவினரும், ஷிடேக் காளானிலிருந்து பிரித்த கூட்டுச் சர்க்கரை எலிகளில் புற்றுக்கட்டியின் வளர்ச்சியைத் தடுத்ததாக வெளியிட்டனர். அதற்கு லெண்டினான் எனப் பெயரிட்டனர். 200 கிலோ பச்சைக் காளானைக் காய்ச்சி, வடித்து, பல முறை தூய்மை செய்து அவர்கள் கண்ட முடிவுப் பொருள் 31 கிராம். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் வான்கோழிவால் காளானிலிருந்து எடுத்த கிரெஸ்டின் 1977இலும், லெண்டினான் 1985இலும் ஜப்பானில் மருந்தாக அனுமதி பெற்றன. அங்கும் அவை தனி மருந்தாக நோயைத் தீர்த்தவை அல்ல. மருத்துவரின் மேற்பார்வையில் மற்றச் சிகிச்சைகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. லெண்டினான் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. பிற்காலத்தில் இரண்டின் விற்பனையும் அந்நாட்டில் நின்று போயிற்று. ஆகவே "காளான் கஷாயம் புற்றுநோயைத் தீர்க்கும்" என்று துண்டுப் பிரசுரம் அச்சிட எவருக்கும் ஆதாரம் கிடையாது. அப்படி விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

வெந்நீர் ஏன் தேவை?

பீட்டா குளுக்கான் காளானின் சாற்றில் மிதக்கும் பொருள் அல்ல. அணுச்சுவரில் செங்கல் போல் பதிந்திருப்பது. அந்தச் சுவரில் கைட்டின் என்ற கெட்டிப் பொருளும் பின்னிக் கிடக்கிறது. காசிமேட்டில் உரித்து எறியும் இறால் ஓட்டில் உள்ளதும் இதே கைட்டின்தான். பச்சைக் காளானை அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சுவர் பெரும்பாலும் சுவராகவே வெளியேறி விடுகிறது. சுவரைத் தளர்த்திச் சங்கிலிகளை நீரில் இறக்குவதற்குச் சூடும் நேரமும் வேண்டும்.

நம் நாட்டுக்கு இது புதிய வித்தையும் அல்ல. மூலிகையை இடித்து நீரிலிட்டு எட்டொன்றாக வற்றக் காய்ச்சும் சித்த மருத்துவக் கஷாய முறை இதே தத்துவத்தில் அமைந்தது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் சேகரிக்கும் கடற்பாசியைக் கொதிக்க வைத்து அகர் எடுப்பதும் கூட்டுச் சர்க்கரையை வெந்நீரில் பிரிப்பதே.

வெந்நீரில் எவ்வளவு இறங்கும் என்பதை நான்கு காரணிகள் முடிவு செய்கின்றன. உலர்த்திய விதம், தூளின் நைசு, நீரின் அளவு, காய்ச்சும் நேரம் ஆகியவை அவை. இவற்றுள் என் கருத்தில் சிறு விவசாயி அதிகம் கவனிக்க வேண்டியது தூளின் நைசுதான். துண்டு துண்டாகக் கிடக்கும் காளானை நாள் முழுதும் கொதிக்க வைத்தாலும் நீர் மேற்பரப்பைத்தான் தொடும். மிளகாய்த்தூள் பதத்துக்கு அரைத்துச் சலித்து விட்டால் பாதி வேலை அடுப்பை மூட்டும் முன்பே முடிந்து விடுகிறது.

ஆய்வுக்கூடங்களில் பொதுவாக ஒரு பங்கு உலர் தூளுக்கு 20 முதல் 30 பங்கு நீர் சேர்த்து, 90 முதல் 100 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சுகிறார்கள். ஒரு முறை வடித்ததோடு நிறுத்துவதில்லை. தேங்காயில் முதற்பால் எடுத்தபின் இரண்டாம் பால், மூன்றாம் பால் பிழிவது போல, சக்கையில் மீண்டும் புதிய நீர் விட்டு இரண்டாவது, மூன்றாவது முறையும் காய்ச்சுகிறார்கள். ஒரேயடியாக நிறைய நீர் விட்டு ஒரு முறை காய்ச்சுவதை விட, அதே நீரைப் பிரித்து இரண்டு மூன்று முறை காய்ச்சுவது பலன் தரும்.

வடித்த நீரை வற்ற வைத்துக் குறுக்கியபின் அதைப் போல் மூன்று நான்கு மடங்கு தூய எரிசாராயம் சேர்த்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைப்பார்கள். கூட்டுச் சர்க்கரைக்குச் சாராயத்தில் கரையும் குணம் இல்லை. ஆகவே மறுநாள் காலையில் அது வெண்பஞ்சு போலத் திரிந்து அடியில் படிந்திருக்கும். சிறு சர்க்கரைகளும் கசப்புப் பொருள்களும் சாராயத்திலேயே தங்கி விடும். படிந்ததைப் பிரித்து, அதிலுள்ள புரதத்தை நீக்கி, உறைய வைத்து உலர்த்தினால் வெண்மையான தூள் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் பேசப்படுவது இத்தூள்தான்.

இதிலிருந்து சந்தையில் பயன்படும் ஒரு செய்தியும் கிடைக்கிறது. காளானைச் சாராயத்தில் மட்டும் ஊற வைத்துச் செய்த சொட்டு மருந்தில் கூட்டுச் சர்க்கரை நிறைந்துள்ளது என்று எவராவது கூறினால் நம்ப வேண்டாம். சாராயம் அதை வெளியே தள்ளும் பொருள். உள்ளே ஈர்க்கும் பொருள் அன்று.

ஆய்வுக்கூடத்து மேம்பாடுகள்

வெந்நீர் முறையில் நேரமும் எரிபொருளும் அதிகம் செலவாவதால் விஞ்ஞானிகள் வேறு வழிகளையும் தேடி வருகின்றனர். காதுக்குக் கேளா ஒலி அலைகளைக் கரைசலில் செலுத்தினால் நுண்ணிய குமிழிகள் தோன்றி வெடித்து அணுச்சுவரை உடைக்கின்றன. நுண்ணலை அடுப்பில் வைத்தால் அணுவின் உள்ளிருக்கும் நீரே சூடாகி விரிந்து சுவரைப் பிளக்கிறது. செல்லுலேஸ் போன்ற நொதிகளையும், பப்பாளிப் பாலிலிருந்து வரும் பப்பெய்ன் போன்ற புரதம் கரைக்கும் நொதிகளையும் மிதமான சூட்டில் சேர்த்துச் சுவரைத் தளர்த்துவதும் உண்டு. வெந்நீருக்கு அசையாத பகுதியைக் காரச் சோடாக் கரைசலில் கரைத்து எடுப்பார்கள். சுவரில் கைட்டினுடன் இறுகப் பின்னியுள்ள குளுக்கான் அதற்குத்தான் வழிவிடும்.

இவை எல்லாம் பயனுள்ள ஆராய்ச்சிகளே. ஆயினும் ஒரு தடை உண்டு. ஒலி அலையை அளவுக்கு மீறிச் செலுத்தினால் சுவருடன் சர்க்கரைச் சங்கிலியும் துண்டாகிறது. இச்சங்கிலியின் நீளமும் அது முறுக்கிக் கிடக்கும் வடிவமும் அதன் செயலோடு தொடர்புடையவை என்று கருதப்படுகிறது. அறுந்த மாலையில் மணிகள் அத்தனையும் இருக்கலாம். ஆனால் அது மாலை ஆகாது. மேலும் கட்டுரைகளில் "புதிய முறையால் மகசூல் கூடியது" என்று வருவதை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். கூடிய எடையில் புரதமும் உப்பும் சேர்ந்திருக்கலாம். எடை கூடுவது வேறு, சரக்கு கூடுவது வேறு. நெல் வியாபாரத்தில் பதரையும் ஈரத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அளவிடுவதில் உள்ள சூது

சந்தையில் மருத்துவக் காளான் தூள் விற்போர் உறையின் மேல் "கூட்டுச் சர்க்கரை இத்தனை சதவீதம்" என்று அச்சிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் பீனாலும் கந்தக அமிலமும் சேர்த்துச் செய்யும் சோதனையில் கிடைப்பது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த எளிய, நல்ல சோதனை அது. ஆனால் அது எல்லாச் சர்க்கரையையும் ஒன்றாகவே எண்ணும். காளான் குளுக்கானா, சோள மாவா என்று அதற்குத் தெரியாது.

இங்கேதான் சூது நுழைகிறது. காளான் விதையை நாம் சோளத்தில் வளர்க்கிறோம். வெள்ளைப் பூசண இழை படர்ந்த சோளத்தை, காளானே முளைக்க விடாமல், அப்படியே உலர்த்தி அரைத்தால் அதில் பெரும்பங்கு சோளம்தான். கூட்டுச் சர்க்கரைச் சோதனையில் அது அமோகமாகத் தேறி விடும். 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 கேனோடெர்மா காளான் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். உறையில் எழுதியபடி இருந்தவை ஐந்துதான். சிலவற்றில் இருந்தது மாவுச்சத்தை ஒத்த சர்க்கரை.

மாவுக் கலப்பைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தேக்கரண்டித் தூளை அரைத் தம்ளர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து நன்றாக ஆற விடவும். தெளிந்த மேல்நீரில் மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடவும். கருநீலமாக மாறினால் அதில் தானிய மாவு உள்ளது. காளானில் மாவுச்சத்து கிடையாது. ஆகவே நல்ல காளான் தூளில் அயோடினின் பழுப்பு நிறமே நிற்கும். சூடாக இருக்கும்போது சோதித்தால் நீலம் தோன்றாது என்பதால் ஆற விடுவது முக்கியம். சோதித்த நீரைக் கொட்டி விடவும். வாங்குபவர் உங்கள் தூளின் மேல் சந்தேகப்பட்டால் அவர் கண்ணெதிரிலேயே இதைச் செய்து காட்டலாம்.

விலை பேசும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால் பீட்டா குளுக்கானை மட்டும் தனியே அளக்கும் நொதிச் சோதனை இருக்கிறது. மொத்தக் குளுக்கானை அளந்து, அதிலிருந்து மாவுச்சத்து வகையைக் கழித்து விடுவார்கள். ஒப்பந்தம் எழுதும்போது எந்தச் சோதனையின் எண் என்பதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சிறு கணக்கு

100 கிலோ பச்சைச் சிப்பிக் காளான் உலர்ந்தால் சுமார் 10 கிலோ. வெந்நீரிலும் சாராயத்திலும் பிரித்தபின் தூய்மை செய்யாத தூள் நூற்றுக்கு ஐந்து பங்கு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது அரைக் கிலோ. இதற்காக 10 கிலோ தூளை 20 மடங்கு நீரில் இருமுறை காய்ச்சினால் 400 லிட்டர் ஆகிறது. அதை 20 லிட்டராகக் குறுக்க 380 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். அடுப்பில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் மூன்று தீர்ந்து விடும். அதன்பின் 60 முதல் 80 லிட்டர் எரிசாராயம் வேண்டும். உரிமமின்றி அதை வாங்கவும் வைத்திருக்கவும் கூடாது. மேலும் குடியிருப்பின் நடுவில் அதைச் சேமிப்பது தீயை அழைத்து வைப்பதாகும்.

இயந்திர வியாபாரி இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். "விளைந்ததை நாங்களே திரும்ப வாங்கிக் கொள்வோம்" என்பதே அவர் பேச்சாக இருக்கும். திரும்ப வாங்குவதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது, எந்தத் தரத்துக்கு என்ன விலை, சரக்கை நிராகரித்தால் இயந்திரத்தின் பணம் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விலகி விடுங்கள். பிரித்தெடுக்கும் வேலை பெரிய கொதிகலனும், சாராயத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் கருவியும், சோதனைக்கூடமும் உள்ள தொழிற்சாலைக்கு உரியது. சிறு விவசாயியின் லாபம் அதற்கு முந்தைய படியில், சுத்தமான உலர் தண்டிலும் தூளிலும் உள்ளது.

நாம் செய்யக் கூடியது

நறுக்கிய தண்டில் ஒட்டியுள்ள வைக்கோலை நீக்கி, நீளவாக்கில் மெல்லியதாகக் கிழித்து உலர்த்த வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வடசென்னையில் மேகமூட்டமான நாளில் வெயிலை நம்பிப் போட்டால் மாலைக்குள் புளித்த வாடை வந்து விடும். அன்றைக்கன்றே உலர்ந்தாக வேண்டும். தட்டு உலர்த்தியில் 50 முதல் 60 டிகிரி வெப்பம் போதுமானது. வளைத்தால் வளையாமல் ‘டக்’கென்று ஒடியும் பதமே சரியான பதம். வெயிலில் உலர்த்தினால் காளானில் வைட்டமின் டி கூடும் என்பது ஒரு கூடுதல் நன்மை. ஆகவே நல்ல வெயில் நாளில் முதலில் இரண்டு மணி நேரம் வெயிலிலும், பிறகு உலர்த்தியிலும் வைக்கலாம். உலர்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, தேவைக்கு மட்டும் அரைத்துக் கொள்ளவும். தூளாகச் சேமித்தால் ஈரம் விரைவில் ஏறும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு 50 கிராம் தண்டுத் தூளை ஒரு லிட்டர் நீரில் அரை மணி ஊற வைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் இரண்டு மணி நேரம் காய்ச்சவும். வற்றும்போது வெந்நீர் சேர்த்து அளவைச் சரிக்கட்டவும். துணியில் வடித்து, சக்கையில் மீண்டும் முக்கால் லிட்டர் நீர் விட்டு ஒரு மணி நேரம் காய்ச்சி, இரண்டையும் ஒன்று சேர்க்கவும். ரசத்துக்கும் சூப்புக்கும் இந்த நீர் நன்றாக இருக்கும். அன்றே பயன்படுத்தி விட வேண்டும். வெளியில் வைத்தால் கெட்டு விடும். சக்கையை எறிந்து விடாதீர்கள். வெந்நீரில் கரையாத குளுக்கான் அதில்தான் தங்கியுள்ளது. உண்மையில் மொத்தத்தில் பெரும்பங்கு அதுவே. அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ கலந்து விட்டால், எந்தத் தொழிற்சாலைச் சாற்றிலும் கிடைக்காத அளவுக்கு நார்ச்சத்து உங்கள் வீட்டுக்குக் கிடைக்கும். வேறு நோய்க்குத் தொடர்ந்து மருந்து சாப்பிடுவோர் இதை உணவளவில் நிறுத்திக் கொண்டு மருத்துவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

விற்பனைக்கு உலர் தண்டு தயாரிப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சிக் குறுக்கும்போது சத்து மட்டும் குறுகுவதில்லை. நஞ்சு இருந்தால் அதுவும் சேர்ந்து செறிவாகும். வைக்கோலைக் கார்பன்டசிம், பார்மலின் கரைசலில் ஊற வைத்துத் தூய்மை செய்வது காளான் வளர்ப்பில் பழக்கத்தில் உள்ள முறை. மருத்துவப் பயனுக்கென்று விற்கும் காளானுக்கு அதைத் தவிர்த்து, வைக்கோலை வெந்நீரில் வேக வைத்தோ நீராவியிலோ தூய்மை செய்ய வேண்டும். தார்ச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிபட்ட வைக்கோலும் வேண்டாம். காட்மியம், காரீயம் போன்ற கன உலோகங்களைக் காளான் தன் உடலில் சேர்த்து வைக்கும் குணமுடையது. லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர்ச் சாலையை ஒட்டியோ, தொழிற்சாலைக் கழிவுநீர் ஊறிய நிலத்திலோ தானாக முளைத்த காளானைப் பறித்து மருந்துச் சரக்கோடு சேர்ப்பது ஆபத்து. வடசென்னையில் வளர்ப்போர் குடிநீர்த் தரமுள்ள நீரையே தெளிக்க வேண்டும். உலர்த்தும் தட்டுகளைச் சாலைப் பக்கமாக வைக்கக் கூடாது. மொத்தமாக விற்கும் முன் கன உலோகச் சோதனைக்கு ஒரு மாதிரி அனுப்பி அறிக்கை வாங்கி வைத்தால் விலை பேசும்போது கை ஓங்கும்.

கோடை வெப்பத்தில் சிப்பிக் காளான் சரியாக வராத மாதங்களில் பால் காளான் வளர்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் வெப்பத்தைத் தாங்கும். அதன் தண்டு பருமனானது, சமைக்கவும் ஏற்றது. உலர் தூளை உணவுப் பொருளாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ள வேண்டும். பயிற்சிக்குச் சென்னையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையத்தையோ, திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

தென்னந்தோப்பின் எதிரி

மருத்துவக் காளான்களில் அதிக விலை பேசப்படுவது கேனோடெர்மா. சீனர்கள் லிங்ஷி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் அழைப்பர். மரம் போல் கெட்டியாகவும் மேலே வார்னிஷ் பூசியது போல் பளபளப்பாகவும் இருக்கும். அதன் கூட்டுச் சர்க்கரை வெந்நீரிலும், கசப்புப் பொருள் சாராயத்திலும் இறங்கும்.

நம் தென்னை விவசாயிகளுக்கு இந்த இனம் வேறு பெயரில் பழக்கமானது. 1952ஆம் ஆண்டு புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத் தோப்புகளில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற அடித்தண்டழுகலை உண்டாக்குவது கேனோடெர்மாதான். மரத்தின் அடியில் செம்பழுப்பு நீர் கசியும், அடிமட்டைகள் காய்ந்து தொங்கும், முடிவில் தூரில் பளபளப்பான காளான் முளைக்கும். அப்போது மரம் பிழைப்பது அரிது. இப்படி முளைத்ததைச் சேகரித்துக் கிலோ விலைக்குத் தருமாறு சிலர் தோப்புகளில் கேட்டு வருவதாக அறிகிறோம். கொடுக்க வேண்டாம். தென்னையில் முளைப்பது சீனர்கள் பயன்படுத்தும் அதே காளான் என்று கொள்ள முடியாது. சீனத்து லிங்ஷி தனி இனம் என்று 2012இல் பிரித்துப் பெயரிடப்பட்டது. நோயுற்ற மரத்துக்கு வேர் மூலம் ஆரியோபங்கின், மயில்துத்தம் போன்ற மருந்துகள் கட்டியிருப்போம்; அம்மருந்து அக்காளானில் ஏறியிருக்காது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதை மூட்டையில் கட்டித் தோப்புத் தோப்பாகக் கொண்டு செல்லும்போது நோய் வித்துகளும் வழியெங்கும் சிந்தும். தூரில் கண்ட காளானை வெட்டி அங்கேயே எரித்து விட வேண்டும். பட்டுப்போன மரத்தை வேர்க்கட்டையுடன் தோண்டி எடுக்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கு ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் மண்ணில் கிடக்கும் தோப்புகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

கேனோடெர்மாவை மரத்தூளும் கோதுமைத் தவிடும் அடைத்த பைகளில் வளர்க்கும் முறை உள்ளது. அதை மேற்கொள்ள விரும்புவோர் மூடிய அறையில், தென்னந்தோப்புக்குத் தொலைவில் வளர்க்க வேண்டும். அறுவடை முடிந்த பையில் பூசணம் உயிரோடுதான் இருக்கும். உரமாகும் என்று அதைத் தென்னைப் பாத்தியில் கொட்டுவது நோயைக் கையால் நடுவதற்குச் சமம். நீராவியில் வேக வைத்தோ எரித்தோ அழிக்க வேண்டும். சிப்பிக் காளான், பால் காளான் படுக்கைக் கழிவுகளுக்கு இத்தடை இல்லை. அவற்றை மண்புழு உரமாக்கித் தென்னை உள்பட எந்தப் பயிருக்கும் தாராளமாக இடலாம்.